நடுமாடியில் ஒரு பிளக் பாயிண்ட்

மிலுங்கா தன் அப்பாவை அம்போவென்று விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ரொட்டிக் கடையில் சொல்கிறார்கள், சர்ச் வாசலில் சொல்கிறார்கள், என் வீட்டுக்கே வந்து என் காபியைக் குடித்துக்கொண்டு சொல்கிறார்கள். கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்தவன் நான். அந்த வீட்டுக்கு வைஃபை மாட்டியவனே நான்தான்.

என் பெயர் திஹோமிர். நெகோடின் டவுனில் ஒரு கேபிள் கம்பெனியில் பதினெட்டு வருடமாக ஏணியும் டிரில் மெஷினுமாக அலைகிறேன். மிலுங்கா எனக்குப் பக்கத்து வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

பத்தொன்பது வயதில் அவள் தையல் ஆலைக்கு வேலைக்குப் போனாள். ஆலையை மூடினார்கள். வியன்னாவுக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் தரை துடைத்தாள். துடைத்துக்கொண்டே நர்சுகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஜெர்மன் கற்றாள். பிறகு சாயங்கால வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, சான்றிதழும் வாங்கினாள். அப்போதுதான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. தம்பி நோவிட்சாவும் வியன்னாவில்தான் இருந்தான், பெண்டாட்டி பிள்ளைகளோடு. யார் ஊருக்குத் திரும்புவது என்று யாரும் உட்கார்ந்து பேசக்கூட இல்லை. பெட்டியைக் கட்டியவள் மிலுங்கா. நாலு வருடம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தாள், கழுவினாள், கடைசியில் அடக்கமும் செய்தாள். அதற்குள் அப்பா ஷிவோயினுக்குச் சர்க்கரை முற்றி, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட ஓர் ஆள் வேண்டியதாகிவிட்டது. அந்த ஆளும் அவளேதான்.

நாற்பத்தாறாவது வயதில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. வியன்னா ஆஸ்பத்திரிகளில் எங்கள் நாட்டு ஆட்கள் ஏராளம். கட்டடம் கட்டப் போனவர்கள், ரோடு போடப் போனவர்கள், முப்பது வருடம் இருந்தும் ரொட்டி வாங்குகிற அளவுக்கு மேல் ஜெர்மன் வராதவர்கள். டாக்டர் சொல்வதை அவர்களுக்குப் புரியவைக்க வீடியோவில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்கள். மிலுங்கா இங்கே தன் அறையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுவாள். தரை துடைத்த அதே ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் இப்போது அவளை மேடம் என்று கூப்பிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பேச்சுக்கு நடுவில் மூன்று முறை லைன் அறுந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பெயர் போனால் அந்த வயதில் எங்கள் ஊரில் அவளுக்கு வேறு வேலை இல்லை.

அந்த வீட்டில் லைன் நிற்கவே நிற்காது.

ஷிவோயின் மாமாவும் அந்தக் காலத்தில் வியன்னாவில் ரோடு போட்டவர்தான். இருபத்தாறு வருட உழைப்பை மூன்று தளமாக எழுப்பி, வாசலில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்களை உட்காரவைத்திருக்கிறார். ஒவ்வொரு தளத்துக்கும் தேவையைப் போல இரண்டு பங்கு கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றியவர். "மேல பீரங்கி வண்டிய நிறுத்தினாலும் தாங்கும்டா" என்பார். பீரங்கி வண்டி எதுவும் இதுவரை வரவில்லை. வைஃபை சிக்னல்தான் அந்தக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டு செத்தது. ரௌட்டர் கீழ்த்தளத்தின் முன்னறையில். மிலுங்கா உச்சியில், கூரைக்கு அடியில். நடுமாடி நோவிட்சாவுக்கு. அங்கே பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா, யாரும் படுக்காத கட்டில், ஆகஸ்டில் மூன்று வாரம் மட்டும் திறக்கிற கதவு. மற்ற நாளெல்லாம் பூட்டுதான். வீடு முழுவதையும் மாமா நோவிட்சாவின் பெயரில் எழுதிவைத்திருந்ததால் மேலே தனி லைன் இழுக்கவும் அவன் கையெழுத்து வேண்டும். "ஆகஸ்ட்ல வரும்போது பாத்துக்கலாம்க்கா" என்று போனில் சொல்லிவிட்டான். அப்போது மார்ச் மாதம்.

மிலுங்கா ஓர் எக்ஸ்டெண்டர் வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். உள்ளங்கை அளவு பெட்டி. சுவர் பிளக்கில் செருகினால் போதும், ரௌட்டரின் சிக்னலை வாங்கித் திரும்பத் தூரத்துக்கு அனுப்பும். ஆனால் அதை எங்கே செருகுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சிக்னல் நன்றாக வருகிற இடத்துக்கும் வராத இடத்துக்கும் நடுவில் செருக வேண்டும். அந்த வீட்டில் நடு என்றால் நோவிட்சாவின் தளம்.

"மாமா, நடுமாடிக் கதவக் கொஞ்சம் தொறந்து விடுங்க. கதவுக்குப் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் இருக்குல்ல, அதுல செருகிட்டுப் போயிடறேன்."

"அது நோவிட்சா வீடு தம்பி."

"ஒரு பிளக்குதான் மாமா."

"இன்னிக்குப் பிளக்கும்பீங்க, நாளைக்கு உள்ள கட்டிலப் போடும்பீங்க. அவன் இல்லாதப்ப அங்க கரண்டே ஓடக் கூடாது. மேல அவ ரூம்லயே மாட்டு."

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். மேலே மாட்டினால் பயனில்லை என்று எனக்குத் தெரியும். சிக்னல் வராத இடத்தில் மாட்டினால் அந்தப் பெட்டி அரைகுறையாகக் கேட்டதை அரைகுறையாகவே சத்தம் போட்டுச் சொல்லும். தெரிந்தும், பெரியவரிடம் என்ன வாக்குவாதம் என்று மேலே போய் மாட்டினேன். மிலுங்காவின் கம்ப்யூட்டரில் சிக்னல் கோடு எல்லாம் முழுசாக வந்தது. அந்தக் கோடு அவளுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ளது, பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவே உள்ளதல்ல. அதை நான் சொல்லவில்லை. "இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த மிளகாய்த் துவையலையும் ரொட்டியையும் தின்றுவிட்டு வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே ஓர் அறை அறையலாம் போலிருக்கிறது.

ஏப்ரலில் முதல் முறை அறுந்தது. எதிர்முனையில் எங்கள் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், அறுபது வயது, கட்டிலில் படுத்திருக்கிறார். டாக்டர் ஜெர்மனில் சொல்லி முடித்தார்: வயிற்றில் கட்டி இருக்கிறது, ஆனால் அது புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம். மிலுங்கா அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள். "ஐயா, உங்க வயித்துல ஒரு கட்டி இருக்காம்." அத்தோடு படம் உறைந்தது. மறுபடி இணைப்பு வர பதினோரு நிமிடம் ஆனது. அதற்குள் அந்த அழைப்பு வேறு யாருக்கோ போய்விட்டது.

"அந்த மனுசன் மூஞ்சி அப்படியே ஸ்கிரீன்ல நின்னுடுச்சு திஹோ. மீதிய நான் கையில வச்சிட்டு உக்காந்திருக்கேன், அவருகிட்ட சொல்ல முடியல" என்றாள் என்னிடம். அழவில்லை.

அவளே ஒரு வழி செய்தாள். தன் அறையிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரை மாடிப்படி வழியாகத் தொங்கவிட்டு, நோவிட்சாவின் பூட்டிய கதவுக்கு வெளியே அந்தப் பெட்டியைச் செருகி வைத்தாள். நாலு நாள் லைன் கல்லு மாதிரி நின்றது. ஐந்தாம் நாள் மாமா ஒயரைச் சுருட்டிக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். "படியில ஒயரு தொங்குனா அது வீடா, பட்டறையா? யாராவது வந்தா என்ன நெனைப்பாங்க?" யார் வரப் போகிறார்கள் அந்த வீட்டுக்கு? என்னைத் தவிர அந்தப் படியில் ஏறியவன் கிடையாது.

ஜூனில் இரண்டாம் முறை. வானம் இரண்டு தடவை உறுமியது, இடி விழுந்துவிடும் என்று மாமா கீழே ரௌட்டரின் ஒயரையே பிடுங்கிவிட்டார்.

ஆகஸ்டில் நோவிட்சா வந்தான், பெரிய கார், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எனக்குப் போன். "அண்ணே, எங்க மாடியில நெட்டே வரல. பசங்க உசுர வாங்குதுங்க." போனேன். மாமாவே முன்னால் ஓடிப்போய்க் கதவை விரியத் திறந்தார். குனிந்து கதவோரத்துப் பிளக்கை அவரே காட்டினார்.

"இங்க மாட்டு தம்பி, இதான் தோதான எடம்."

"மார்ச்லயே இதத்தான சொன்னேன் மாமா."

"அப்படியா சொன்ன? நல்லாச் சொல்லியிருக்கணும்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். பெட்டியை மேலேயிருந்து எடுத்து வந்து அங்கே செருகினேன். நோவிட்சாவின் பிள்ளைகள் படம் பார்த்தார்கள். மேலே மிலுங்கா மூன்று வாரம் ஓர் அழைப்புகூட அறுபடாமல் வேலை செய்தாள்.

கிளம்புகிற நாளன்று தம்பியிடம் கேட்டாள். "அந்தப் பெட்டி அப்படியே இருக்கட்டும்டா. வேற எதுவும் வேணாம் எனக்கு."

"அதுக்கென்னக்கா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றான் நோவிட்சா, காரில் தக்காளிப் பெட்டியை ஏற்றிக்கொண்டே. கையெழுத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கார் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் மாமா பெட்டியைப் பிடுங்கி, சோபாவுக்கு உறை போட்டு, கதவைப் பூட்டிவிட்டார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் மூன்றாம் முறை அறுந்தது. வியன்னாவிலிருந்து கடிதம் வந்தது: கடைசி வாய்ப்பாக, ஒரு வாரத்துக்குள் நல்ல இணைப்பைக் காட்டினால் தொடரலாம், இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும். மிலுங்கா அந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். "கம்ப்யூட்டர்ல பேசுறதெல்லாம் ஒரு வேலையாடி" என்றார் அவர். மறுநாளே டவுனில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துக்கொண்டு போனாள். நான்தான் சாமானை வண்டியில் ஏற்றினேன். அங்கே லைனும் நானே இழுத்துக் கொடுத்தேன்.

அப்பாவை விட்டுவிட்டுப் போனாளாம்! காலை ஏழு மணிக்குப் பஸ்ஸில் வந்து ஊசி போட்டுச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடினாள். மாலை ஏழு மணிக்கு மறுபடி வந்து ஊசி போட்டாள். நாளுக்கு நாலு பஸ். அந்த பஸ்ஸில் கூடவே வருகிற ஜனங்கள்தான் அப்படிப் பேசினார்கள்.

அக்டோபரில் நோவிட்சா என்னைக் கூப்பிட்டான். அப்பா தனியாக இருக்கிறாராம், மனசே சரியில்லையாம், ஒரு கேமரா அனுப்பியிருக்கிறானாம். மாமா பகலெல்லாம் இருப்பது முற்றத்துக்குப் பின்னால் கோடைக்கென்று தனியாகக் கட்டி, வருடம் முழுவதும் புழங்குகிற சமையலறையில். ரௌட்டரோ வீட்டின் முன்பக்கம். கீழ்த்தளத்தின் பின்பக்கம் முழுக்க வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் அறை, இரும்புக் கதவு, சிக்னல் தாண்டாது. நடுமாடியின் பின் ஜன்னலிலிருந்துதான் அந்தச் சமையலறைக்கு நேர்ப் பார்வை.

"எக்ஸ்டெண்டர உன் மாடியிலதான் மாட்டணும், அதுவும் நாள் முழுக்க" என்றேன். வேண்டுமென்றே அழுத்திச் சொன்னேன்.

"போடுங்கண்ணே, இதுக்கெல்லாம் என்னையக் கேக்கணுமா? சுவத்துல ஓட்டை வேணும்னாலும் போடுங்க."

புது எக்ஸ்டெண்டர் மாட்டினேன். மாமா பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார். பிறகு டவுனுக்குப் போய் மிலுங்காவிடம் சொன்னேன்: இப்போது மேலே உன் அறையிலும் சிக்னல் முழுசாக வருகிறது, வேண்டுமானால் திரும்பி வரலாம்.

"எனக்குன்னு மாட்டினது இல்லையே அது" என்றாள். "கேமராவ எடுத்தா அதையும் எடுத்துடுவாங்க."

நவம்பரில் ஒரு சாயங்காலம் கேமராவின் அடாப்டரை மாற்றிக்கொண்டு நான் அந்தச் சமையலறையில் நின்றிருந்தேன். ஏழு இருபதுக்கு மிலுங்கா நனைந்துபோய் உள்ளே வந்தாள். பஸ் தாமதம். கோட்டைக்கூடக் கழற்றாமல் கையைக் கழுவி அப்பாவுக்கு ஊசி போட்டாள். ஊசியை எடுப்பதற்குள் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னக்கா, இன்னிக்கு ஏழு இருபதா? முந்தாநாளு ஏழேகால். அப்பாக்கு ஊசி நேரத்துக்குப் போடணும்ல. நான் இங்கேர்ந்து பாத்துட்டேதான் இருக்கேன்."

மிலுங்கா போனை அணைத்தாள். சுவரில் இருந்த கேமராவுக்கு நேரே போய் நின்றாள்.

"நோவிட்சா, கேக்குதா? நல்லாக் கேக்கும். திஹோமிர் நல்லாத்தான் போட்டிருக்கான். பஸ்ஸு லேட்டு. நான் ஏன் பஸ்ல வர்றேன்னு ஒரு நாளாவது யோசிச்சியாடா? மேல எனக்கு ஒரு ரூம் இருந்துச்சு. அங்கேர்ந்து முப்பத்தி ரெண்டு படி எறங்குனா அப்பா. உன் செவுத்துல ஒரு பிளக்கு இருக்க விடலை நீங்க ரெண்டு பேரும். மூணு தடவை என் சோத்துல மண்ணு விழுந்துச்சு. இப்ப அதே பிளக்குல மாட்டி, நான் எத்தன மணிக்கு வர்றேன்னு பாத்துக் கணக்கெடுக்கறியா?"

"பிள்ளைகிட்ட அப்படிப் பேசாதடி, அவன் வேலையில இருப்பான்" என்றார் மாமா.

"நானும் வேலையிலதான்ப்பா இருக்கேன்." அவரைத் திரும்பிப் பார்க்காமல் கேமராவிடமே தம்பிக்குச் சொன்னாள். "அம்மா படுத்த நாலு வருசத்துல நீ ரெண்டு தடவை வந்த. ரெண்டு தடவையும் உன் மாடியிலதான் உக்காந்திருந்த. போதும்டா. நான் திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் வருவேன். சனி, ஞாயிறு வரமாட்டேன். வியன்னா ஒம்போது மணி நேரம்தான். நீ வந்து ஊசி போடு. மாடிய எதுக்குப் பூட்டி வச்சிருக்க, வந்து படுத்துக்கோ."

அந்த வீட்டிலிருந்து அவள் பேச்சு ஒரு வார்த்தைகூட அறுபடாமல் வியன்னா போய்ச் சேர்ந்தது. இரண்டு பங்கு கம்பி போட்ட மாமா தட்டிலிருந்த பீன்ஸ் குழம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மிலுங்கா அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அவள் வாசலைத் தாண்டியிருக்க மாட்டாள், என் போன் அடித்தது. நோவிட்சா.

"அண்ணே, அந்தக் கேமராவுல படம் மட்டும் வந்து சத்தம் வராமப் பண்ண முடியுமா?"

முடியும். அரை நிமிட வேலை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.