பாறையண்ணன் ஏன் காப்பாற்றினான்

உலகத்தில் ஒருவரையும் நம்பக் கூடாது என்பது எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. தெரியவைத்தவன் ஒரு வீடியோ கேம் கதாநாயகன்.

அப்போது மலைமேல் அட்டுவம்பட்டியில் இருந்தோம். அப்பா டூரிஸ்ட் வண்டி ஓட்டினார். அம்மாவுக்கு ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. இருவரும் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். என்னை எழுப்பி, தலை பின்னி, பஸ் ஏற்றிவிடுவதெல்லாம் எங்களோடு இருந்த சித்திதான். அம்மாவின் தங்கை. ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்த்தாள். முதலாளி மகன் புது கேம் பெட்டி வாங்கியதும் பழையதைச் சித்தியின் தலையில் கட்டிவிட்டான். மழை மாதங்களில் லாட்ஜ் காற்று வாங்கும், சித்தி மத்தியானமே வந்துவிடுவாள். ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து டிவியில் ஆடுவோம். அதாவது அவள் ஆடுவாள், நான் கத்துவேன்.

கதாநாயகன் ஒரு கல் பூதம். நாங்கள் வைத்த பெயர் பாறையண்ணன். உடைகிற அணையை முதுகால் முட்டுக்கொடுத்து நிறுத்துவான், வெள்ளத்தில் போகும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் கரை சேர்ப்பான். எனக்கு அவன்மேல் அவ்வளவு பக்தி. சாப்பாட்டுக்கு முந்திய ஜெபத்தில் அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

கடைசிக் கட்டத்தில் ஒரு சிறுமி அவனிடம், எங்களை ஏன் காப்பாற்றுகிறாய் என்று கேட்டாள். திரையில் ஓடிய இங்கிலீஷைச் சித்தி படித்துச் சொன்னாள்.

“மனுசங்க இருக்குற வரைக்குந்தான் எனக்கு உசுரு. நீங்க அழிஞ்சா நான் வெறும் கல்லு. அதான் காப்பாத்துறேன்னு சொல்றான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் எங்கள்மேல் பிரியம் இல்லையா? இத்தனை நாளும் தன் சோலியைத்தான் பார்த்திருக்கிறானா? அன்று நான் சாப்பிடவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த அவன் படத்தைக் கிழித்தேன். சித்தி மட்டும் அசரவில்லை. “கேட்டதும் மறைக்காமச் சொன்னான்ல, விடு” என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆட ஆரம்பித்தாள்.

அடுத்த ஞாயிறு சித்தியைப் பெண் பார்க்க எங்கள் மலையிலேயே இருக்கும் போளூரிலிருந்து வந்தார்கள். வழியில் காட்டுமாடு நின்றதில் தாமதம். பூண்டும் கேரட்டும் விளைவிக்கும் குடும்பம், மாப்பிள்ளையே லாரியும் ஓட்டுகிறார் என்றார்கள். சித்தி போய்விடுவாள் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது தட்டு கேக் வந்தபோதுதான் உறைத்தது.

மாப்பிள்ளையின் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்தம்பி உங்க தங்கச்சியக் கண்கலங்காமக் காப்பாத்துவான்ங்க” என்றார்.

“ஏன் காப்பாத்துவாரு?” என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“பாப்பா கேக்குறது நாயந்தாங்க. எங்கம்மா படுத்த படுக்கையாக் கெடக்காங்க. நான் லோடு ஏத்திட்டுப் போயிட்டா தண்ணி குடுக்கக்கூட ஆளில்ல. அதுக்குத்தான் பொண்ணு பாக்கவே கெளம்புனோம். இத வந்ததுமே சொல்லிருக்கணும்.”

அவருடைய அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. அப்பா எழுந்தே விட்டார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார், இனி சித்தி போகமாட்டாள்.

அடுப்படி வாசலில் நின்ற சித்தி நேராக அவரிடம் கேட்டாள். “இப்ப யாரு அவங்களக் குளிப்பாட்டி விடுறது?”

“நான்தாங்க.”

“கல்யாணத்துக்கப்புறம்?”

“அப்பவும் நான்தாங்க. நான் இல்லாத நாள்ல மட்டும் நீங்க.”

“நான் வேலைய விடமாட்டேன்.”

“விட வேணாங்க. பக்கத்து வீட்டு அக்காகிட்ட பகல்ல பாத்துக்கச் சொல்லலாம்.”

“அப்ப எனக்குச் சம்மதம்” என்றாள் சித்தி.

பாறையண்ணன் கொடுத்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உண்மை வெளியே வந்த பிறகும் ஒருத்தி சம்மதம் என்கிறாளே! அழக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் போனபின் சித்தி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “ஏண்டி அவர்கிட்ட அப்படிக் கேட்ட?”

“நீ போகக் கூடாது.”

“ஏன்?”

“நீ போயிட்டா எனக்கு யாரு தலை பின்னி விடுவா?”

சித்தி கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து, ஈரக்கையாலேயே என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு, “நீயும் மறைக்காமச் சொல்லிட்ட” என்றாள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. யார் பின்னிவிடுவார்கள் என்பதற்கு மட்டும் அவள் பதிலே சொல்லவில்லை. அன்று எனக்கு இருந்த கோபமெல்லாம் அதுதான்.