அக்கா வீட்டுக்கு ஒன்பது ஸ்டேர் விறகு

பருத்தித்துறைக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில், இரண்டு பிள்ளைகளில் மூத்தவராக அக்கா பிறந்தார். இளையவன் நான். அம்மா காலமானபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. ஐயா தோட்டத்துக்குப் போக, வீட்டில் சமைக்க ஆள் வேண்டுமென்று அக்காவின் படிப்பு நிறுத்தப்பட்டது. நான் தொடர்ந்து படித்தேன். கணக்கு ஆசிரியரானேன். இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் இன்றும் என்னை மாஸ்ரர் என்றே அழைக்கிறீர்கள்.

அக்காவும் அத்தானும் எங்களுக்கு முன்னரே சுவிசுக்கு வந்துவிட்டார்கள். வில் நகரில் ஒரு தொழிற்சாலையில் அக்காவுக்குப் பொதி கட்டும் வேலை. அத்தானுக்கு மர ஆலையில். நான் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து சேர்ந்தபோது, தங்கள் இரண்டு அறைகளில் ஒன்றை எங்களுக்குத் தந்தார்கள். பதினான்கு மாதங்கள் அங்கே இருந்தோம். ஒரு நாளாவது முகம் கோணியதில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அக்காவுக்கு இங்குள்ள டொச் மொழி ஓரளவு கதைக்க வரும், வாசிக்க வராது. விசா, காப்புறுதி, வரி என்று எந்தக் கடிதம் வந்தாலும் ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டு வைப்பார். நாங்கள் எம்மன்புரூக்கே நகருக்குக் குடிபெயர்ந்த பிறகும் நான் போகும்வரை அந்தப் பெட்டி காத்திருக்கும். நான் வாசித்துச் சொல்வேன். நான் விரல் வைத்த இடத்தில் அவர் கையெழுத்து வைப்பார். முப்பது வருடத்துக்கு மேலாக இதுதான் எங்கள் வழக்கம்.

வில்லுக்கு மேலே மலைச்சரிவில் இருந்த அந்தப் பழைய வீட்டை அத்தான்தான் வாடகைக்கு எடுத்தார். அங்கே எண்ணெய்ச் சூடாக்கியும் இல்லை, மின்சாரச் சூடாக்கியும் இல்லை. கீழறையில் ஓடு பதித்த பெரிய அடுப்பு, சமையலுக்குக் குசினியில் ஒரு விறகடுப்பு, மேலறையில் ஓர் இரும்படுப்பு. அவ்வளவுதான். அத்தான் காலமான பிறகும் அக்கா அங்கிருந்து அசையவில்லை.

ஒரு வீட்டைச் சூடாக்க எவ்வளவு விறகு தேவை என்று அக்காவிடம் பலர் கேட்டிருக்கிறீர்கள். நீளம், அகலம், உயரம் ஒவ்வொரு மீற்றராக அடுக்கிய விறகை இங்கே ஒரு ஸ்டேர் என்பார்கள். அக்கா வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு ஒன்பது ஸ்டேர். இன்று கொத்திய விறகு இரண்டு கோடை காய்ந்தால்தான் அடுப்புக்கு ஆகும். ஆகவே விறகுக் கொட்டிலில் எப்போதும் இரண்டு குளிருக்கான விறகு இருக்கும். பக்கத்து விவசாயி வெட்டிக் கொத்திக் கொண்டுவந்து கொட்டுவார். இந்தச் சில வருடங்களாக ஒவ்வொரு செப்டெம்பரிலும் நான் போய் அடுக்கிக் கொடுப்பேன்.

"மாஸ்ரர் அடுக்கின அடுக்கு, மாடு தும்மினாலும் விழும்," என்பார் அக்கா. நான் அடுக்கியதை மறுபடி கலைத்துத் தானே அடுக்குவார்.

போன வருடம் செப்டெம்பரில் போனபோது அவருடைய கையில் நீலம் பாரித்த பெரிய கண்டல் இருந்தது.

"என்னக்கா இது?"

"கூடையோட படியில சறுக்கிப்போட்டன். ஒண்டுமில்லை. உன்ர பெடியனுக்குச் சொல்லிப்போடாதை, அவன் பிறகு என்னை விடான்."

"சொல்லமாட்டன்," என்றேன். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மகனிடம் சொன்னேன்.

மகன் பயந்துவிட்டான். அவனைக் குறை சொல்லாதீர்கள். மாமியை அவன் இன்னொரு தாயாகவே நினைத்தான். வில் நகரில் முதியோருக்கான வீட்டுத்தொகுதி ஒன்றில் இடம் கேட்கலாம் என்றான். இருக்கும் வீட்டில் இனிச் சமாளிக்க முடியாது என்று நெருங்கிய உறவினர் எழுதிக் கொடுத்தால் கெதியில் கிடைக்குமாம். "ஆனா மாமிட்டக் கேட்டுச் செய்யுங்கோ அப்பா," என்றும் சொன்னான். "கேட்டிட்டன், ஓம் எண்டவ," என்றேன். கேட்கவில்லை.

எழுதிக் கொடுத்தேன், கணக்கு ஆசிரியன் எழுதுவதுபோலவே. ஒன்பது ஸ்டேர். காய்ந்த விறகு ஒரு ஸ்டேர் ஏறத்தாழ ஐந்நூறு கிலோ. ஆக நாலரைத் தொன். கூடைக்குப் பன்னிரண்டு கிலோ என்றால் முந்நூற்று எழுபத்தைந்து கூடை. கொட்டிலிலிருந்து வீட்டுக்கு ஏழு படிகள், கீழிருந்து மேலறைக்குப் பதின்மூன்று. எழுபத்தாறு வயதுப் பெண்ணால் இது முடியாது என்று முடித்தேன். வாசித்தவர் எவரும் மறுக்க முடியாத பக்கம் அது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதன் பிறகு இரண்டு தாள்களோடு அக்காவிடம் போனேன். ஒன்று வீட்டுத்தொகுதிக்கான விண்ணப்பம். மற்றது, மார்ச் கடைசியில் வீட்டை விடுகிறேன் என்ற அறிவித்தல். அக்கா கண்ணாடியைத் தேடவே இல்லை.

"என்னடா தம்பி இது?"

"கொட்டில் கூரை ஒழுகுதெல்லோ. திருத்தித் தரச்சொல்லி வீட்டுக்காரனுக்கு எழுதினது."

"இந்தக் குளிருக்கு முதல் செய்வினமோ?"

"செய்வினம்."

நான் விரலை வைத்தேன். இரண்டு இடத்திலும் கையெழுத்து வைத்தார். பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தார், குடித்தேன். வீட்டுத்தொகுதியில் இடம் உறுதியானதும் நானே பதமாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். சொல்லும் துணிவு வரவில்லை. மூன்று மாதம் போய்விட்டது.

டிசம்பரில் அக்கா தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, வீட்டுக்காரன் வந்து நிண்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை எப்ப தருவீங்கள் எண்டு கேக்கிறான். என்ன திறப்பு?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கூரைக்கு எண்டுதானே சொன்னனி?"

"அக்கா, அது உங்கட நன்மைக்குத்தான்..."

"நன்மை தீமையை நான் கேக்கேல்லை. கூரைக்கு எண்டு சொன்னனியோ, இல்லையோ?"

"ஓம், சொன்னனான்."

"சரி, வைக்கிறன்," என்றார். வைத்துவிட்டார். அறிவித்தலைத் திரும்பப் பெறலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். வேறு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்.

அந்தக் குளிர் முழுவதும் என்னை வரச்சொல்லவில்லை. மார்ச் கடைசியில் வீடு மாறும் நாளில்தான் மகனோடு போனேன். சாமான்களை மகன் ஏற்றிக்கொண்டிருக்க, நான் கொட்டிலுக்குள் போனேன். அந்தக் குளிருக்கென்று நான் அடுக்கிய ஒன்பது ஸ்டேரில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அளந்து பார்த்தேன். ஐந்து. குளிரில் விறைத்துக்கொண்டு இருந்தாரோ என்று பயந்து, பின்னால் வந்து நின்ற அக்காவிடம் கேட்டேன்.

"எனக்கு நாலு ஸ்டேர் காணும்," என்றார். "கீழறைக்கும் குசினிக்கும் எண்டைக்கும் நாலுதான்."

"அப்ப வருசா வருசம் ஒன்பது?"

"மற்ற அஞ்சும் மேலறைக்கு. இந்த முறை மேலறையில மூட்டேல்லை."

மேலறையில் யாரும் இல்லையே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் என் மனைவியின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபோது, "இனி எனக்கு அங்க என்ன இருக்கு, வாற குளிருக்கு உங்களோட வந்து இருக்கிறன் அக்கா," என்று சொன்னவன் நான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும், வாற வருசம், வாற வருசம் என்றேன். குளிர்காலத்தில் போனாலும் பகல் ரயிலில் போய்ப் பகலிலேயே திரும்புவேன். இந்த ஆறு வருடத்தில் மேலே ஏறிப் பார்த்ததில்லை.

"மூட்டாமல் விட்டால் சுவர் ஈரம் பிடிச்சிடும். வந்து படுக்கிறவனுக்கு நெஞ்சுச்சளி வரும்," என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அக்காவால் சுமக்க முடியாது என்று நான் எழுதிய நாலரைத் தொன்னில் இரண்டரைத் தொன் எனக்காகச் சுமந்தது. பதின்மூன்று படி ஏறியதும் எனக்காக. அன்று கையில் கண்டல் வந்ததுகூட எந்தக் கூடையால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கத் துணியவில்லை.

புதிய வீட்டில் நிலத்துக்குக் கீழிருந்து தானாகவே சூடு வரும். அங்கே அக்கா ஆறரை மாதம் இருந்தார். நான் கிழமைக்கு ஒரு தடவை போவேன். தேத்தண்ணி தருவார். "சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று, பிறத்தியாரைக் கேட்பதுபோலக் கேட்பார். பிஸ்கட் பெட்டியை நான் அதற்குப் பிறகு காணவில்லை. பக்கத்து வீட்டு சுவிஸ் அம்மாதான் கடிதங்களை மெல்ல மெல்ல வாசித்துக் காட்டியிருக்கிறார். அக்டோபரில் ஒரு காலை, கதிரையில் இருந்தபடியே அக்காவின் இதயம் நின்றுவிட்டது. கண்டுபிடித்தவரும் அந்த அம்மாதான்.

அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தனை வருடம் விறகு கொண்டுவந்து, அக்கா கேட்டவுடன் முற்றத்துப் பனியையும் அள்ளி அகற்றிய விவசாயிக்கு நன்றி. தொழிற்சாலைத் தோழிகளுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினருக்கும், இந்த மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் நன்றி.

தகனத்தன்று உங்களில் பலர் என் கையைப் பிடித்து, "அக்காவைக் கடைசிவரைக்கும் பாத்தது நீங்கள்தான் மாஸ்ரர்," என்றீர்கள். நான் தலையாட்டினேன். பேசாமல் இருந்திருக்கலாம், தலையாட்டினேன். அந்த வார்த்தையைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இனி என்னைக் காணும்போது அதைச் சொல்லாதீர்கள். கடைசிக்கு முந்திய குளிர்வரை, மேலறை அடுப்பை மூட்டி வைத்து என்னைப் பார்த்தது அக்கா.