ஒரு வாரம் முன்னதாகக் கட்டிய பெட்டி

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகுமுன் கொழும்பில் எத்தனை நாள் தங்கவேண்டும், பெட்டியில் என்னென்ன வைக்கவேண்டும் என்று போன மாதம் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனது போர்க்காலத்தில், தொண்ணூறுகளின் பிற்பகுதியில். அதனால் கீழே உள்ள விலைகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், சிரிப்பார்கள். மற்றதெல்லாம் இன்றைக்கும் பயன்படலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு என்று மூன்று நாள் எடுத்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் லொட்ஜ். கட்டிலுக்கு ஒரு நாளைக்கு 150 ரூபா, அறைக்கு இரண்டு பேர். வந்த அன்றே பொலிசில் பெயரைப் பதிந்து, அவர்கள் தரும் துண்டுச் சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்கவேண்டும். என் அறையில் இருந்தவ வாசுகி, வவுனியாப் பிள்ளை. கனடா விசாவுக்காக ஏழு மாதமாகக் காத்திருந்தவ.

அந்த லொட்ஜில் பதினேழு பேர் இருந்தோம், ஆனால் சத்தமே இருக்காது. ரயில் போகும்போது மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிரும். யாரும் யாருக்கும் பயணம் சொல்லி விடைபெறுவதில்லை. காலையில் ஒரு கட்டில் விரிப்பு மடித்துக் கிடக்கும், அவ்வளவுதான். பிளேன் ஏறிப் போனவரின் கட்டிலும் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனவரின் கட்டிலும் பார்வைக்கு ஒன்றுதான். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

வெள்ளைக்காரரின் பழக்கவழக்கம் படிக்க நான் போனது கொட்டாஞ்சேனைக்கு. ஸ்டெல்லா அன்ரி இங்கிலாந்தில் எட்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவ. வெளிநாடு போகிற பிள்ளைகளைத் தன் சாப்பாட்டு மேசையில் இருத்தி முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழக்குவா. காலி வீதியில் பஸ் ஏறினால் புறக்கோட்டை எட்டு கிலோமீற்றர், அங்கே இன்னொரு பஸ். சோதனைச் சாவடிகளோடு ஒன்றரை மணித்தியாலம், போக்குவரத்துக்கு 16 ரூபா. சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூடாது, சொல்லாமல் வீட்டுக்குப் போகக்கூடாது, பஸ்ஸில் இடிபட்டாலும் நாங்கள்தான் 'சொறி' சொல்லவேண்டும். இதெல்லாம் அங்கே படித்தது.

"அவையள் எல்லாம் ஒரு கிழமைக்கு முதலே பெட்டி கட்டி வச்சிடுவினம். எங்கட ஆக்கள் மாதிரி எயாப்போட் வான் வந்து நிக்கேக்க உடுப்புத் தேடுறேல்ல," என்றா அன்ரி.

நான் சொல் கேட்கிற பிள்ளை. வியாழக்கிழமை பயணம் என்றால் அதற்கு முந்தின வியாழனே கட்டிவிட்டேன். நடைபாதையில் 350 ரூபாவுக்கு வாங்கிய இரண்டு கம்பளிச் சட்டை, இரண்டு கிலோ மிளகாய்த் தூள், வல்லாரை மாத்திரை, புத்தகங்கள். அரிசிக் கடைத் தராசில் 19.4 கிலோ. பெட்டியைப் பூட்டி, பூட்டின் திறப்பைக் கைப்பையில் போட்டேன். என் கட்டில் உயரம் குறைவு, பெட்டி அதற்குக் கீழே போகவில்லை.

"என்ர கட்டிலுக்குக் கீழ தள்ளும்," என்றா வாசுகி. பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா இஞ்ச ஒருத்தரும் இப்பிடி முன்னுக்கே கட்டுறேல்ல" என்றா.

நான் சிரித்தேன். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஞாயிறு காலை 7.45க்குக் கடைசி வகுப்புக்குப் புறப்பட்டு, பகல் 1.30க்குத் திரும்பினேன். அறைக் கதவு திறந்து கிடந்தது. வாசுகியின் தேத்தண்ணி பாதிக் கோப்பையில் ஆடை படர்ந்து நின்றது. கொடியில் அவவின் உடுப்பு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே பெட்டி இல்லை. பக்கத்து அறைகளில் ஆட்கள் இருந்தார்கள், மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை.

மனேஜர்தான் மெல்ல மேலே வந்தார். "பொலிஸ் செக்கிங் வந்தது, பிள்ளை. கட்டின பெட்டியக் கண்டா விடமாட்டினம். ஒண்டில் ஏதோ கொண்டு வந்திருக்கு, இல்லாட்டி ஓடப் போகுது எண்டுதான் நினைப்பினம். பெட்டி ஆற்ற எண்டு கேட்டவை. வாசுகி தன்ர எண்டு சொல்லிப்போட்டா. திறப்பு எங்க எண்டு கேக்க, அவவிட்ட இல்ல. பெட்டியோட அவவையும் கொண்டுபோட்டினம்."

"ஏன் தன்ர எண்டு சொன்னவ?"

"உம்மட எண்டு சொன்னா நீர் வருமட்டும் இருந்து உம்மைக் கொண்டுபோயிருப்பினம். வியாழக்கிழமை உமக்குப் பிளேன் எண்டு அவவுக்குத் தெரியும்தானே."

பாஸ்போட், டிக்கற், திறப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு மனேஜரோடு பொலிசுக்குப் போனேன். என் பெட்டி அங்கே சுவரோரம் நின்றது. திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். தூள் பையைக் குத்திப் பார்த்தார்கள். வாசுகி எங்கே என்று மனேஜர் சிங்களத்தில் கேட்டார். அதிகாரி பதிவுப் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அன்றைய பக்கத்தில் அவவின் பெயர் இல்லை. அப்படி ஒருவரும் வரவில்லையாம், பெட்டி மட்டும்தான் வந்ததாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைத் தந்தார். வியாழக்கிழமை சுணங்காமல் போய்விடு என்றும் சொன்னார். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

வியாழன் காலை 6.10க்கு வான். கட்டுநாயக்கா விமான நிலையம் நாற்பது கிலோமீற்றர், 1,200 ரூபா, ஐந்து சாவடி. நானும் யாருக்கும் பயணம் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் மூன்றாவது மாதம் வாசுகியின் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. மனேஜர் என் விலாசத்தைக் கொடுத்து, என்னிடமே கேட்கச் சொல்லியிருக்கிறார். "ஒரே அறையில இருந்தனீர். என்னத்துக்குப் பிடிச்சவை எண்டு தெரிஞ்சா எழுதும் மகள்" என்று எழுதியிருந்தா. நான் மிகப் பண்பாகப் பதில் எழுதினேன். பெட்டியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அவ இன்னொரு முறை எழுதினா. அதற்குப் பதிலே போடவில்லை.

இனி, கேட்டவர்களுக்கு. கொழும்பில் பத்து நாள் போதும். தூளை இரட்டைப் பையில் கட்டுங்கள். பெட்டியில் உள்ளேயும் வெளியேயும் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். போகிற நாட்டின் பழக்கத்தைப் படிக்குமுன், தங்கியிருக்கிற வீட்டில் எது செய்வார்கள், எது செய்யமாட்டார்கள் என்று கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள்.

வாசுகியின் ஆட்கள் யாராவது இதை வாசித்தால்: அந்தப் பெட்டி என்னுடையது.