போயிருக்காரு, போயிட்டாரு

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது அந்தப் பாலர் பள்ளி. கீழே டயர் கடை. மேலே முப்பத்திரண்டு பிள்ளைகள். மாதவி அங்கே ஆசிரியை இல்லை. பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போவதும், மீ கோரெங் நூடுல்ஸ் ஊட்டுவதும், சட்டையில் கொட்டியதைத் துடைப்பதும்தான் அவள் வேலை. படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை விட்டவள். பதினோரு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு இங்கே வந்தாள். பிள்ளைகள் அவளையும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளியை நடத்தும் உஷாராணியின் காதில் அது விழும்போதெல்லாம் மாதவி தலையைக் குனிந்துகொள்வாள்.

வெள்ளிக்கிழமைகளில் பதினொன்றரைக்கு உஷாராணி கீழே இறங்கி வெளிவேலைக்குப் போய்விடுவார். பிள்ளைகளை வீட்டுக்கு ஏற்றிப் போகும் வேன் வர இன்னும் அரைமணி நேரம் இருக்கும். “டிவில ஏதாச்சும் போட்டு விடு மாதவி. சத்தம் இல்லாம உக்காந்திருந்தா போதும்லா.”

முதலில் கிடைத்ததைப் போட்டாள். பொம்மைகள் குதித்துக் கத்தின. முடிந்ததும் பிள்ளைகளும் குதித்தார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் குத்தினார்கள். நாலு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வேறு தேட ஆரம்பித்தாள். வீட்டில் சமையலை முடித்துவிட்டுக் கைபேசியில் துழாவினால், யார் யாரோ எந்தெந்த நாட்டிலோ வரைந்து செய்த குறும்படங்கள் கிடைத்தன. ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம் ஓடுபவை. பேச்சே கிடையாது. பேச்சு இல்லாததால் அவளுக்கும் எல்லாம் புரிந்தது.

ஒவ்வொரு படத்தையும் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருவாள். பிள்ளைகளுக்கு முதல் தடவை சத்தத்தை அடைத்துவிட்டுப் போடுவாள். மழை பெய்தால் பிள்ளைகளே தரையில் விரலால் தட்டுவார்கள். ரயில் வந்தால் அவர்களே கூவுவார்கள். இரண்டாம் தடவைதான் சத்தத்தோடு. முடிந்ததும் ஒரே கேள்வி: “என்ன பார்த்தீங்க?” அதற்குமேல் கேட்க மாட்டாள். படத்தில் இல்லாத எதையும் சொல்லவும் மாட்டாள்.

மெல்ல மெல்லப் பிள்ளைகளின் கண் கூர்மையானது. “டீச்சர், அந்த ஆன்டி வேற செருப்பு மாத்திட்டாங்க” என்பார்கள். மூன்று தடவை பார்த்த மாதவிக்கே அது தெரிந்திருக்காது. எல்லாரையும்விட அதிகம் பார்த்தவள் லோஷினி. ஐந்து வயது. வாயைத் திறப்பது அபூர்வம்.

அந்த வெள்ளிக்கிழமை போட்ட படத்தில் ஒரு கிழவர். சன்னலோரம் மரநாற்காலி. தினமும் அவர் ரொட்டியைக் கிள்ளிப் போட, ஒரு குஞ்சுக் குருவி வந்து தின்னும். குருவி வளர்கிறது. ஒருநாள் காலையில் நாற்காலி காலியாக இருக்கிறது. குருவி வந்து அதன் முதுகில் உட்காருகிறது. அவ்வளவுதான் படம்.

“என்ன பார்த்தீங்க?”

“தாத்தா மீன் வாங்க பாசார் போயிருக்காரு” என்றான் சுகுமாறன். எல்லாரும் சிரித்தார்கள்.

“இல்ல” என்றாள் லோஷினி. “போயிட்டாரு.”

அவள் வீட்டில் தாத்தா நாகையா வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர். அந்த நாட்களில் அவர் எங்கே என்று கேட்டால் ‘போயிருக்காரு’ என்பார்கள். மாலையில் வந்துவிடுவார். போன வருஷம் பக்கத்து வீட்டு அங்கிளை மட்டும்தான் ‘போயிட்டாரு’ என்றார்கள். அவர் வரவேயில்லை. லோஷினிக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரியும்.

அவள் திரும்பி மாதவியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை சரியாகப் பார்த்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் மாதவியின் வாயிலிருந்து “ம்” என்று வந்துவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை காலையில் லோஷினியின் அம்மா வாணி படியேறி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“எங்க மாமனார நாற்காலிய விட்டு எந்திரிக்கவே விட மாட்டேங்குறா டீச்சர். நாற்காலி காலியானா தாத்தா போயிடுவாராம். திங்கக்கிழமை அவரு கால கட்டிப் பிடிச்சிக்கிட்டு ஒரே கத்தல். டயாலிசிஸ் வேன் போயிடுச்சி. நேத்தும் அதே கதை.”

“பிள்ளையத் தூக்கி வச்சிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றார் உஷாராணி.

“மாமாவுக்கே ஊசின்னா பயம். பேத்தி அழுதா அவருக்கு ஒரு சாக்கு. ‘பிள்ளைய அழவிட்டு நான் எப்படிம்மா வரது’ங்குறாரு. காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. நாளைக்கு ரெண்டு மணிக்கு அவர் போயே ஆகணும்.” வாணி மாதவியின் பக்கம் திரும்பினாள். “அந்தப் படத்துல இன்னும் மீதி இருக்கு, அதுல தாத்தா திரும்பி வந்துடுவாரு, வெள்ளிக்கிழமை டீச்சர் காட்டுவாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். போட்டுக் காட்டிடுங்க டீச்சர்.”

மாதவி வாயைத் திறந்தாள். மீதி இல்லை என்று சொல்வதற்குள் உஷாராணி முந்திக்கொண்டார்.

“படம் போடச் சொன்னா, நீ படம் காட்டிக்கிட்டு இருக்க. அந்த மீதி எங்க இருக்கோ தேடிப் போட்டு முடி. அடுத்த வாரத்துலருந்து ஏபிசி பாட்டு மட்டும்தான், ஆமா.”

“சரிங்க” என்றாள் மாதவி. சொல்வதற்கு நிறைய இருந்தது. மழைக்கு விரல் தட்டும் பிள்ளைகளைப் பற்றி, செருப்பைப் பற்றி. எங்கே தொடங்குவது என்று அவள் யோசிப்பதற்குள் உஷாராணி உள்ளே போய்விட்டார்.

அன்று வீட்டில் தேடித் தேடிப் பார்த்தாள். மீதி இருந்தால்தானே கிடைக்கும். நாற்காலிக்குத் திரும்பி வரும் வேறொரு கிழவரும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. முதலில் காலி நாற்காலி. அங்கே நிறுத்திவிட்டு, ஒட்டினாற்போலப் படத்தின் தொடக்கத்தைப் போட்டால், நாற்காலியில் கிழவர் உட்கார்ந்திருப்பார். வந்துவிட்டார் என்று ஆகிவிடும். அது பொய்தான். ஆனால் வீங்கிய கால்கள் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

வெள்ளிக்கிழமை வாணி முன்னதாகவே வந்து கதவோரம் நின்றாள். மாதவி படத்தைப் போட்டாள். காலி நாற்காலி, அதன்மேல் குருவி. நிறுத்தினாள். தொடக்கத்துக்குத் தள்ளினாள். மறுபடி அழுத்தினாள். சன்னலோரம் கிழவர், கையில் ரொட்டி.

“வந்துட்டாரு!” சுகுமாறன் கைதட்டினான். எல்லாரும் தட்டினார்கள். வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லோஷினி தட்டவில்லை. முட்டிபோட்டு எழுந்து, திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

“டீச்சர், குருவி திரும்பவும் சின்னதாயிடுச்சி.”

லோஷினி திரையில் குருவியைத் தொட்டுக் காட்டினாள்.

“இது மொதல்ல உள்ளது டீச்சர். மீதி இல்ல.”

நன்றாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள் மாதவிதான். இப்போது பார்க்காதே என்று எப்படிச் சொல்வது? திரையில் கிழவர் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு நிமிஷத்தில் அந்த நாற்காலி மறுபடியும் காலியாகும். மாதவி டிவியை அணைத்தாள்.

“சொல்லுங்க டீச்சர்” என்றாள் வாணி கதவோரத்திலிருந்து. “வந்துட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா.”

பிள்ளைகள் எல்லாரும் மாதவியைப் பார்த்தார்கள். “வந்து…” என்று தொடங்கினாள். அதற்குமேல் வரவில்லை. ஒரு ‘ம்’ கூட வரவில்லை.

லோஷினி அழவில்லை. அலமாரியிலிருந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். காலணியை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சீக்கிரம் வாம்மா. தாத்தா எந்திரிச்சிடப் போறாரு.”