மெஷின் ஷெட்டில் நாலாவது ஆள்

இது கட்டுக்கதை இல்லை. கருங்கல் டவுனுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், போன வருடம் பெரிய வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். நடந்ததைச் சொன்னவள் பிரிஜா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அவளுடைய வலது கையில் இன்றைக்கு ஐந்து விரலும் மடங்கும்.

பிரிஜா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். தோட்டம் செல்வதாஸுடையது. செல்வதாஸ்தான் ஊர்க் கிறிஸ்தவ சபையின் செயலாளர். சபைத் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கத் துணிந்தவன் எபிசன் என்ற பையன். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எபிசன் பாறைக்குளத்தில் பிணமாக மிதந்தான். பாறை உடைத்த பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமான இடம் அது. குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்றார் செல்வதாஸ். ஊரும் ஆமாம் என்றது. ஆமாம் போடுவதில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பிரிஜா மட்டும் ஆமாம் போடவில்லை. விடியும் முன் பால் வெட்டப் போனவள் எல்லாவற்றையும் கண்டிருந்தாள். செல்வதாஸ் எபிசனைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் தம்பி ஏசுஅடிமை மண்வெட்டிக் கணையால், அதன் மரப்பிடியால், எபிசனின் மண்டையில் அடித்தான். பெயர் ஏசுஅடிமை. செய்த வேலை அது. எபிசனின் அம்மா ராஜபாய் அழுத அழுகையைக் கேட்டுத் தாங்காமல், பிரிஜா அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

விஷயம் பரவியது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தகராறானாலும் கோயிலில் பைபிளின்மேல் வலது கையை வைத்து ஒருவர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. பிறகு போலீஸே வந்து கேட்டாலும் ஊர் அதையேதான் சொல்லும். செல்வதாஸ் நாள் குறித்தார். பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனை முடிந்ததும், சபை பார்க்க, "நான் ஒன்றும் காணவில்லை" என்று பிரிஜா சத்தியம் செய்ய வேண்டும்.

புருஷன் சுபின் சவுதியிலிருந்து போன் செய்தான்.

"மக்கா, சொல்லீட்டுப் போயிரு. நமக்கு ஒரு பிள்ள உண்டு. அவங்கள எதுத்து இந்த ஊர்ல ஜீவிக்க முடியாது."

"ஆளுவளுக்குப் பயந்து கடவுளுக்க மின்ன நின்னு பொய் சொல்லச் சொல்லுதியா?"

அவன் போனை வைத்துவிட்டான். பிரிஜா அன்றைக்கெல்லாம் அழுதாள். அவள் ஒன்றும் பயமறியாதவள் இல்லை. சோறு இறங்காத அளவுக்குப் பயம் இருந்தது. ஆனால் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு ஜெபிப்பது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பெரிய வெள்ளி. மகள் ஜினிஷாவை ராஜபாயோடு முன்னால் அனுப்பிவிட்டு, வெள்ளைச் சேலை உடுத்து, ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழியில் தனியாக நடந்தாள். வானம் இருண்டு கிடந்தது. மழை இன்னும் விழவில்லை. ஊரே கோயிலுக்குள் இருந்தது. குழாய் ஒலிபெருக்கியில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தையைப் பற்றிப் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. மணி ஒன்றரை தாண்டியிருக்கும்.

ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் ஷெட்டைக் கடக்கும்போது முடியைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். ஏசுஅடிமை. உள்ளே செல்வதாஸ் நின்றிருந்தார். கதவு சாத்தப்பட்டது.

"கோயில்ல போய் என்ன சொல்லப்போற?"

"கண்டதச் சொல்லுவேன்."

ஏசுஅடிமை அறைந்தான். உதடு கிழிந்தது. மறுபடியும் அறைந்தான். வாய்க்குள் ஒரு பல் உடைந்து உருண்டது. அவள் அதை ரத்தத்தோடு துப்பினாள்.

"இப்ப சொல்லு, ஏட்டி."

"கண்டதத்தான் சொல்லுவேன்."

செல்வதாஸ் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

"பைபிள்ல வைக்கப்போற கை இதுதானே?"

இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவில் அவள் விரல்களைச் செருகினார். ஏசுஅடிமை மெஷினின் கைப்பிடியைச் சுற்றினான்.

மடக்...

மடக்...

இரண்டு விரல். அவள் அலறினாள். குழாயில் பாட்டு தொடங்கியிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

"ஒண்ணும் காணல்லன்னு சொல்லு. கைய விடுதேன்."

அந்த நொடியில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. பிரிஜாவே இதை ஒத்துக்கொள்கிறாள். வாயைத் திறந்தாள்...

சொட்.

ஷெட்டுக்குள் தண்ணீர் சொட்டியது. வெளியே மழை இல்லை.

சொட்... சொட்...

அவளுக்குப் பின்னால்.

கைப்பிடி நின்றது. ஏசுஅடிமை முக்கினான். இரண்டு கையாலும் அழுத்தினான். அசையவில்லை.

பாசி நாற்றம்... குளத்துப் பாசி.

எபிசன் வந்துவிட்டான் என்று நினைத்தாள்.

காதோரம் ஈரமாக ஒரு மூச்சு.

"விட்டுக் குடுக்காத, மக்கா."

எபிசன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

இது பொம்பளைக் குரல்.

கைப்பிடி தானாகப் பின்னோக்கிச் சுற்றியது. அவள் கை வெளியே வந்தது.

பிறகு முன்னோக்கிச் சுற்றியது... யாரோ பிடித்து இழுத்ததுபோல் ஏசுஅடிமையின் கை உருளைகளுக்குள் போனது.

விரல். மணிக்கட்டு. முழங்கை...

யாரும் கைப்பிடியைத் தொடவில்லை.

செல்வதாஸ் தம்பியை இழுக்க ஓடி வந்தார். வந்தவர் பிரிஜாவுக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.

"நீயா..." என்றார்.

ஓடினார். சாத்திய கதவில் முட்டி, மூக்கு உடைந்து, விழுந்து எழுந்து ஓடினார்.

பிரிஜா திரும்பிப் பார்க்கவில்லை.

வழியில் விழுந்து கிடந்து எழுந்து, ஏழாம் வார்த்தை முடிகிற நேரத்தில் அவள் கோயிலுக்குள் நுழைந்தாள். வெள்ளைச் சேலை முன்பக்கமெல்லாம் சிவந்திருந்தது. நசுங்கிய கையைத் தூக்கி, பைபிளின்மேல் அந்தக் கையையே வைத்தாள். கண்டதைக் கண்டபடி, ஆள் பெயரோடு சொன்னாள். ராஜபாய் மட்டும் எழுந்து வந்து அவளைத் தாங்கிக்கொண்டாள்.

ஏசுஅடிமைக்குக் கையை எடுத்துவிட்டார்கள். செல்வதாஸ் சிறையில் இருக்கிறார். எபிசனைக் கொன்றதை ஒத்துக்கொண்டுவிட்டார். ஷெட்டில் யாரைப் பார்த்தார் என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை. பிரிஜா இடது கையால் வேலை பழகிக்கொண்டாள். சுபின் ஊருக்கு வந்து அவள் காலருகில் உட்கார்ந்து அழுதானாம். அழட்டும்.

மண்வெட்டிக் கணையைத் தேடிப் போலீஸ் பாறைக்குளத்துத் தண்ணீரை இறைத்தது. கணை கிடைத்தது. அதற்கும் கீழே, சேற்றுக்குள், கல்லோடு சங்கிலியால் கட்டிய ஓர் எலும்புக்கூடும் கிடைத்தது. பெண். முப்பது வருடத்துக்கும் பழையது என்றார் டாக்டர். வலது கை விரலெலும்புகள் ஐந்தும் நசுங்கித் தட்டையாக இருந்தன.

அவள் யார் என்று இன்றுவரை தெரியாது. எந்தப் பெண்ணையும் காணவில்லை என்று அந்த ஊரிலிருந்து ஒரு புகார்கூட எந்தக் காலத்திலும் போனதில்லை.

விசாரிக்க வந்த பெண் போலீஸ் பிரிஜாவிடம் ஒன்றைச் சொன்னார். நசுங்கிய விரல்களைப் பற்றி அவர்கள் ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. குளத்தில் ஒரு பெண்ணின் எலும்பு கிடைத்தது, யாரென்று தெரியுமா என்று மட்டும்தான் வீடு வீடாகக் கேட்டார்கள். அறுபது வயது தாண்டியவர்கள் எல்லோரும் தெரியாது என்றார்கள்.

சொல்லும்போது ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், தங்கள் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.