சிங்கப்பூரில் கட்ட இருந்த தாலி

ஓடிப்போகிற பெண் அம்மாவிடம் சொல்லிவிட்டா ஓடுவாள்? என் மகள் சொன்னாள். அதுவும் ஓட வேண்டிய தூரத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு. சிங்கப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். நான் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், ஏரிக்குக் கீழே இருக்கிற எங்கள் ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவள் அப்பா காலமாகி வெகுநாளாகிறது.

அன்றைக்கு மத்தியானம் மல்லாட்டை, வேர்க்கடலைதான், உரித்துக்கொண்டிருந்தேன். போனில் அவள் முகம் வந்தது.

"யம்மா, பக்கத்துல யாராச்சும் கீறாங்களா?"

"யாரும் இல்ல. அண்ணன் கயனிக்குப் போயிகீறான். அண்ணி ஸ்கூலுக்குப் போயிகீறா. இன்னாடி?"

"நான் ஒருத்தர கண்ணாலம் பண்ணிக்கப் போறேன். இங்கியே."

"சீனாக்காரனா?"

"சீனாக்காரனா இருந்தா ஒத்துக்குவியா?"

"ஆள சொல்லுடி மொதல்ல."

சொன்னாள். சீனாக்காரனாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் ஊருக்கும் அந்தப் பையன் ஊருக்கும் நடுவில் ஒரு ஏரிக்கரைதான். அவன் அப்பா மதகைத் திறந்து, முறை வைத்து, எல்லார் வயலுக்கும் தண்ணீர் விடுகிறவர். நிலக்காரர்கள் சேர்ந்து அவரை வைத்திருந்தோம். அறுப்பு முடிந்தால் ஒவ்வொரு களத்திலிருந்தும் அவருக்கு நெல் போகும். எங்கள் வீட்டு நெல்லை நானே அளந்து போட்டிருக்கிறேன். வாசலில் நின்று துண்டை ஏந்தி வாங்கிக்கொள்வார். உள்ளே வராதே என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவரும் வந்ததில்லை. மகனைப் படிக்கவைத்து அனுப்பினார். அவன் கப்பல் கட்டுகிற இடத்தில் சூப்பர்வைசர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கோயிலில் பார்த்து, நீ எந்த ஊர், நான் எந்த ஊர் என்று ஏரிப் பேரைச் சொல்லித்தான் பேச்சு ஆரம்பித்ததாம்.

இங்கே கட்டினால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச நாள் அவள் கூப்பிட்டால் போனை மருமகள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். பிறகு ஒருநாள் எனக்கே தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"கண்ணாலத்தன்னிக்கு உனக்குத் தல பின்னி விடறது யாருடி?"

அவள் அழுதுவிட்டாள். அதுதான் நான் கொடுத்த சம்மதம். வேறு மாதிரி எனக்குக் கொடுக்கத் தெரியாது.

அதற்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டோம். ஒரு வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து. கூட வேலை செய்கிற ரெண்டு பேர் சாட்சி. அங்கிருந்து கோயிலுக்குப் போய்த் தாலி. எல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணனுக்குப் போன். முடிந்துவிட்டது என்றால் அவன் என்ன செய்வான்? கத்துவான். கத்திவிட்டு ஓய்வான். பையனைப் பெற்றவர்களுக்கு நாள் தெரியக்கூடாது, தெரியாதென்று அவர்களால் சத்தியமாகவே சொல்ல முடிய வேண்டும் என்பது அவள் யோசனை. நல்ல யோசனைதான்.

"மாலைக்கு இன்னா பண்ணுவே?"

"இங்க எல்லாம் கெடைக்கும்மா."

"வாழமரம்?"

"லிப்ட்ல ஏத்திக்கினு போவச் சொல்றியா?"

இப்படிச் சிரித்துக்கொண்டே பேசினோம். ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. பூவாடைக்குக் கும்பிடாமல் தாலி ஏறக்கூடாது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால், வீட்டில் பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண்களைத்தான் முதலில் அழைப்போம். அவர்களைப் பூவாடைக்காரி என்போம். கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சேந்தி, பக்கத்தில் புதுப் புடவை, வளையல், பூ வைத்து, மாவிளக்கு ஏற்றிக் கூப்பிட வேண்டும். பம்பைக்காரர் அடிப்பார். வீட்டில் யார்மேலாவது இறங்கி உத்தரவு சொல்லுவார்கள். அதற்குப் பிறகுதான் மஞ்சளையே தொடுவோம். எங்கள் வீட்டில் முதல் பிரசவத்திலேயே போன என் நாத்தனார் இருக்கிறாள். என் மாமியார் இருக்கிறார். அவர்களிடம் கேட்காமல் இந்த வீட்டுப் பெண் ஒருத்தியும் வாசல் தாண்டியதில்லை.

"நான் இங்கியே ஒரு கொடத்துல தண்ணி வச்சிக் கும்புட்டுக்கிறேம்மா."

"எந்தத் தண்ணி? பைப்புத் தண்ணியா? உங்க அத்த எங்க கீறான்னு நெனச்சே? நம்ம கெணத்தாண்ட கீறா. அவளுக்கு சிங்கப்பூரு எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"யாருனா பாத்தா?"

"பாத்தா பாக்கட்டும். திருட்டுக் கண்ணாலம் உன்னுது. என் சாமி திருட்டு சாமி இல்ல."

மகனும் மருமகளும் காஞ்சிபுரத்துக்கு ஒரு முகூர்த்தத்துக்குப் போன அன்று காலையில் அதைச் செய்தேன். பம்பை இல்லை. மேலே வந்து இறங்கவும் ஆளில்லை. குடத்துக்கு எதிரில் உட்கார்ந்து நானே கேட்டேன். இன்னார் மகன், இந்த ஊர், உங்களுக்குச் சம்மதமா என்று மறைக்காமல் சொன்னேன். விளக்கு நின்று எரிந்தது. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் நான் செய்தது சரி என்றுதான் சொல்லுவேன்.

கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறந்தால் பின்சுவருக்கு மேலே என் ஓரகத்தி தலை. என் கொழுந்தன் பெண்டாட்டி. பக்கத்து வீடு.

"இன்னாக்கா இது, மஞ்சப் புடவையும் மாவெளக்குமா கீது?"

"ஒரு வேண்டுதல்."

"பூவாடைக்கு வேண்டுதல்ல கும்புடுவாங்களா? எனக்கு இன்னா, இன்னிக்குத்தான் கண்ணாலமாயி வந்தனா? எங்க மாமியாவையும் எங்க நாத்தனாவையும் நீ மட்டும் தனியா கூப்ட்டுப் பேசிக்கினு கீறே. அவுங்க உனுக்கு மட்டுந்தான் சொந்தமா? பங்காளிக்குச் சொல்லாம பூவாடை கும்புட்ட வூடு எங்கனா கீதா? அதுவும் தாலி இல்லாதவ."

"கும்புடறதுக்குத் தாலி இன்னாத்துக்கு?"

"செரி. பொண்ணுக்குத்தானே? மாப்ள எந்த ஊரு?"

நான் குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன். பதிலுக்கு அவள் காத்து நிற்கவில்லை. அவளுக்குக் கோபம் கல்யாணத்தின்மேல் இல்லை, தன்னை அழைக்காமல் விட்டதில்தான். அந்தக் கோபத்தோடு பங்காளி வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள்.

என் மகன் காஞ்சிபுரத்திலிருந்து திரும்பும்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பெரியப்பா முறை ஆள் நிறுத்திச் சண்டைக்கு வந்திருக்கிறார். தங்கச்சி கல்யாணத்தை எங்களுக்குச் சொல்லாமல் முடிக்கிற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆகிவிட்டாயா என்று. தன் வீட்டுக் கல்யாணத்தை அவன் அப்படித்தான் கேள்விப்பட்டான்.

வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எந்த வூட்டு மாப்ளம்மா? ஊருக்கே தெரிஞ்சிகீது. எனக்கும் சொல்லு."

நான் மல்லாட்டை முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு என் போனை எடுத்துத் தங்கைக்கு அவனே போட்டான். அவளுக்குப் பொய் வராது. என்னிடமிருந்து வந்த குணம் அது. ஆளைச் சொல்லிவிட்டாள். அவன் கத்துவான் என்று நாங்கள் போட்ட கணக்கு தப்பு. அவன் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"கட்டியாச்சா?"

"இன்னும் இல்லண்ணா."

ஆயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு போயிருக்கும். அவன் போனை என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனான்.

மறுநாள் காலையில் மதகாண்டை போய் நிலக்காரர்கள் அந்தப் பெரியவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். நட்டு வேர் பிடித்த பயிர் தண்ணீருக்கு நிற்கிற நேரம். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் ரெண்டு மூன்று பைக் வந்து நின்றதாம். யாரும் இறங்கவில்லை, ஒன்றும் பேசவில்லை. நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். என் மகன் பைக் அந்நேரம் எங்கள் வீட்டு வாசலில்தான் இருந்தது. நானே பார்த்தேன். பார்த்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த நாள் மகள் கூப்பிட்டாள்.

"அவுரு நிறுத்திக்கலாம்னு சொல்றாரும்மா. அவுங்க அம்மா போன் பண்ணி ஒரே அழுகையாம். எங்களுக்குக் கொள்ளி வச்சிட்டு நீ தாலி கட்டுன்னாங்களாம். நீ ஒரு வாட்டி போய்ப் பேசிப் பாரும்மா. உன் பேச்சுக்கு ஒரு மரியாத கீது."

போனேன். ஒளிந்து போகவில்லை, நல்ல வெயிலில் ஏரிக்கரைமேல் நடந்து போனேன். இத்தனை வயதுக்கு அந்தத் தெருவுக்குள் என் கால் பட்டது அன்றைக்குத்தான். பார்த்தவர்கள் யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பையனைப் பெற்ற அம்மாள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முதலில் தெருக்கோடியைத்தான் பார்த்தாள்.

"இந்த வெய்யில்ல எதுக்கும்மா வந்தீங்க?"

"கண்ணாலத்த நிறுத்த வேணாம்னு சொல்ல வந்தேன். நாள் குறிச்சாச்சி. எங்க வூட்டுப் பூவாடைய கேட்டாச்சி. அவுங்களுக்குச் சம்மதம்."

அவள் சிரித்தாள். சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை.

"செத்தவங்க ஒத்துக்கினாங்களாம்மா? உசுரோட கீறவங்க ஒத்துக்கலியே."

"எம் புள்ளகிட்ட நான் பேசறேன்."

"நீங்க பேசினா கேக்கற புள்ளன்னா, உங்க பொண்ணு ஏம்மா கடலத் தாண்டிப் போயி தாலி கட்டிக்கப் பாக்குது?"

அவள் வாளியிலிருந்த துணியை எடுத்துப் பிழிந்தாள்.

"உங்க பொண்ண போன்ல பாத்துகீறேன். நல்ல பொண்ணு. அத்தைன்னு கூப்புட்டுச்சி. அதுக்குமேல எனக்கு இன்னா வேணும்? ஆனா எம் புள்ளையும் அவன் நைனாவும் எனுக்கு உசுரோட வேணும்மா. அவன வுட்டுடச் சொல்லுங்க." மறுபடி தெருக்கோடியைப் பார்த்தாள். "நீங்க கெளம்புங்க. நீங்க இங்க நிக்கிறதே எங்களுக்கு நல்லதில்ல."

திரும்பி நடந்தேன்.

மகள் கூப்பிட்டபோது அவள் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"போனியாம்மா? இன்னா சொன்னாங்க?"

மாற்றிச் சொல்லியிருக்கலாம். பேசிப் பார்க்கிறேன் என்றாவது இழுத்திருக்கலாம். அவளிடம் நான் அப்படிப் பேசினதே கிடையாது.

"அவன வுட்டுடச் சொன்னாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

அங்கே ரயில் வருகிறது என்று ஒரு குரல் என்னென்னவோ பாஷையில் சொல்லி, கடைசியில் தமிழிலும் சொன்னது. கூட்டம் நகருகிற சத்தம் கேட்டது.

"செரிம்மா. டூட்டிக்கு டைமாவுது."

அந்தப் பையன் கொஞ்ச நாளில் வேறு நாட்டுக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டானாம். மதகுச் சாவி பெரியவரிடம் திரும்பிப் போகவில்லை. என் மகன் இப்போது மாப்பிள்ளை போட்டோக்களைக் கொண்டுவந்து காட்டுகிறான். எனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் குறித்த வியாழக்கிழமையும் வந்தது. அன்றைக்குப் போட்டிருந்த லீவைக் கேன்சல் பண்ணிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். வார்டில் ஒரு சீனாக்காரக் கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாளாம். டூட்டி முடிந்த பிறகும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்றாள். நானும் கேட்கவில்லை.