மாதா இல்லாத கெபி

அந்தப் படத்தாள்களில் கப்பல் எண்ணெயும் புகையிலையும் கலந்து மணத்தது. சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்த என் அப்பா, இரண்டாம் உலக யுத்த காலத்தில் வந்த ஒரு லீவில், யாரோ கழித்துவிட்ட பழைய இங்கிலீசுப் புத்தகத்திலிருந்து கழன்ற மூன்று தாள்களைக் கொழும்பு, கொட்டாஞ்சேனை வீட்டில் தந்துவிட்டு மறுபடி கப்பலேறிப் போனார். கறுப்பு மையில் கோடுகோடாய் வரைந்த அந்தக்காலத்துப் படங்கள். நெருப்புக் கக்கும் மலையை அம்மா "நரகம்" என்று றங்குப்பெட்டிக்கு அடியில் குப்புறப் போட்டார். கடலுக்குள் வாசல்போல வளைந்து நின்ற பாறையை, வெளிச்சம் தெரியாதிருக்க "பிளாக்அவுட்டுக்கு" யன்னல் கண்ணாடியில் ஒட்டினார். மூன்றாவது ஒரு குகை. அதைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு, இது லூர்து கெபி, மாதா காட்சி குடுத்த குகை என்றார்.

படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். லூர்து என்ற பெயர் அதில் இல்லை, "ஐலண்ட்" என்றிருந்தது. ஏதோ தீவில் கடல் அரித்த வெறும் குகை. அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை. படத்துக்குச் சட்டம் போட்டவர், அடங்கவில்லையென்று அந்த வரியை நறுக்கி எறிந்துவிட்டார்.

கொழும்பில் யப்பான்காரரின் குண்டு விழுந்த பிறகு பள்ளிக்கூடம் மூடிற்று. என்னோடு படித்த பிள்ளைகள் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அப்பா வந்தால் வீட்டில் ஆள் வேண்டுமென்று அம்மா அசையவில்லை. பின்னேரங்களில் அப்பா திரும்பி வரவேண்டுமென்று அந்தப் படத்துக்கு முன்னால் செபமாலை சொல்லுவோம். பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா எட்டிப் பார்த்து, "கெபி கிடக்கு, மாதாவைக் காணேல்ல. சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போயிட்டாவோ?" என்று சிரிப்பார்.

"உள்ளுக்க இருட்டில நிக்கிறா. விசுவாசமிருந்தாத் தெரியும்," என்பார் அம்மா.

அப்பாவுக்கான மன்றாட்டு ஆளில்லாத வீட்டுக்குக் கடிதம் போடுவதுபோலப் போகிறதே என்று எனக்குப் படும். சொல்ல ஒருவரும் இல்லை.

ஒருநாள் கப்பல் கொம்பனி ஆள் வந்து, அப்பாவின் கப்பல் ஆட்களோடு கடலுக்குள் தாண்டுபோனதென்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு, "என்னாலதான் பிள்ளை. முழங்கால் நோகுதெண்டு பாதி நாள் முழங்காலில நிக்காமக் கதிரையில இருந்துகொண்டெல்லே செபிச்சனான். மாதா எப்பிடிக் கேப்பா?" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும், அது கெபியில்லை, உங்களில் பிழையில்லை என்று. அந்தப் படத்தையும் பறித்தால் அவருக்கு என்ன மிஞ்சும் என்றும் இருந்தது. காட்டுவதற்கு அந்த வரியும் இல்லை. "தேத்தண்ணி போடட்டே அம்மா?" என்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் சாகுமட்டும், தோல் கறுத்துக் காய்த்துப்போன முழங்காலில் நின்றே செபித்தார். நானும் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை.

படத்தை அம்மாவின் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டோம். வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு. பிலோமினா அக்கா வீட்டுக்காரர் எங்கே போனார்கள் என்று தெரியாது. கோயிலில் மட்டும் கால் ஏலாதவர்களுக்கென்று பின்னால் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள், "இருங்கோ அம்மம்மா," என்று இழுத்துத் தருகிறார்கள். நான் இருக்கிறேன். இருந்துகொண்டுதான் அம்மாவுக்காகச் செபிக்கிறேன். அது மாதாவுக்குக் கேட்கும் என்று நம்புகிறேன்.